பின் குத்தியும் நிற்காத பேனல்

கேள்வி: பி.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தபடி புரோகிராம் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோ 2022-இல் சி ஷார்ப் மொழி பழகுகிறேன். வலது ஓரத்தில் கோப்புகளைப் பட்டியலிடும் சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரர் பேனல் அடிக்கடி ஓடி ஒளிந்துகொள்கிறது. அதன் மூலையில் உள்ள பின்னைக் குத்தி நிறுத்தினாலும், புரோகிராமை ஓடவிட எஃப்5 அழுத்தியதும் மறுபடி மறைகிறது. புரோகிராமை நிறுத்தினால் திரும்ப வந்து நிற்கிறது. பட்டன் போன்றவற்றை எடுக்கும் டூல்பாக்ஸோ, நான் வரையும் திரையான ஃபார்மின் மேலேயே வந்து விழுகிறது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்துவிடலாமா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: வேண்டாம் அம்மா. பல ஜிபி இறக்கி ஒரு நாளை வீணாக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பில் கோளாறு எதுவும் இல்லை. காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்: எஃப்5 அழுத்தினால் மறைகிறது, நிறுத்தினால் வருகிறது.

விஷுவல் ஸ்டுடியோ பேனல்களின் இடத்தை ஒரே கணக்காக வைத்துக்கொள்வதில்லை. கோடு (புரோகிராம் வரிகள்) எழுதும்போது ஒரு கணக்கு, எஃப்5 அழுத்தி ஓடவிட்டுப் பார்க்கும் டீபக் நேரத்தில் வேறொரு கணக்கு. முழுத்திரைக்குப் போனால் அதற்கும் தனி. நீங்கள் எழுதும் நேரத்தில் பின்னைக் குத்தினால் அது எழுதும் கணக்கில் மட்டும்தான் சேரும். டீபக் கணக்கில் எப்போதோ கை பட்டு மறைந்தது அப்படியே பதிவாகி இருக்கிறது. எஃப்5 அழுத்தும்போதெல்லாம் அந்தப் பழைய கணக்கு வந்து நிற்கிறது.

என் மாலை வகுப்பில் ஒரு மாணவிக்கு இதே சிக்கல். ஒரு வாரமாக தினமும் பின்னைக் குத்திக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "எஃப்5 அழுத்தும்மா, நிறுத்தாதே, ஓடும்போதே குத்து" என்றேன். வலது விளிம்பில் செங்குத்தாக எழுதியிருந்த பெயரைக் கிளிக் செய்தாள். பேனல் வெளியே வந்தது. மேல் மூலையில் பின் படுத்த நிலையில் இருந்தது. அதைத் தொட்டதும் நிமிர்ந்தது, கோடு இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டது. நிறுத்தினாள், மறுபடி ஓடவிட்டாள். பேனல் இருந்த இடத்திலேயே இருந்தது. நீங்களும் அதையே செய்யுங்கள்.

அந்தப் பின்னை நன்றாகப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் போர்டில் குத்துவோமே, அதே உருவம்தான். நிமிர்ந்து நின்றால் பேனல் நிலையாக இருக்கும். படுத்திருந்தால், நீங்கள் வேறு இடத்தில் கிளிக் செய்ததும் ஓரத்துக்குப் போய்விடும். இன்னொன்று: ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேனல்கள் டேப் டேப்பாக அடுக்கி இருந்தால், ஒரு பின்னைத் தொட்டதும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து மறையும். பலர் பதறுவது இங்கேதான். முன்னால் இருப்பது மட்டும் மறைய வேண்டுமானால் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், என்விரான்மென்ட், டேப்ஸ் அண்ட் விண்டோஸ் என்று போங்கள். அதற்கான பெட்டி அங்கே இருக்கிறது. மவுஸ் பட்டாலே பேனல் குதித்து வருகிறது என்றால், மவுஸ் ஓவர் என்று முடியும் பெட்டியின் டிக்கை அதே பக்கத்தில் எடுத்துவிடுங்கள். அப்புறம் கிளிக் செய்தால்தான் வரும்.

டூல்பாக்ஸுக்கு வருவோம். மறையும் நிலையில் இருக்கும் பேனல் கோடை ஒதுக்கித் தள்ளாது, அதன் மேலேயே விரியும். அதனால்தான் ஃபார்மின் இடப்பக்கம் மூடிக்கொள்கிறது. ஃபார்ம் வரையும் அரை மணி நேரத்துக்கு டூல்பாக்ஸைப் பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் படுக்க வையுங்கள். 1366-க்கு 768 அளவுள்ள சின்னத் திரையில் எல்லாப் பேனலையும் நிறுத்தி வைத்தால் கோடு எழுத ஒரு சந்துதான் மிஞ்சும். என் மேசையில் நிரந்தரமாக நிற்பது சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரர் ஒன்று மட்டும்தான். மற்றதெல்லாம் ஓரத்தில் இருக்கும், கூப்பிட்டால் வரும். கன்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றும் சேர்த்தால் சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரர். எல்லுக்குப் பதில் எக்ஸ் அழுத்தினால் டூல்பாக்ஸ். எஸ்கேப் தட்டினால் கர்சர் கோடுக்குத் திரும்பிவிடும், பேனலும் போய்விடும். இரண்டு நாள் பழகினால் இதற்கெல்லாம் மவுஸைத் தேடவே மாட்டீர்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகு ஒரு முறை முறையாக மூடித் திறங்கள். இந்த அமைப்பு மூடும்போதுதான் பதிவாகும். கரண்ட் போய் அணைந்தாலோ, டாஸ்க் மேனேஜரில் முடித்தாலோ செய்த வேலை வீண். அப்படியும் கலைந்துகிடந்தால் விண்டோ மெனுவில் ரீசெட் விண்டோ லேஅவுட் கொடுங்கள். நீங்கள் அடுக்கியது போய், ஆரம்பத்தில் வந்த அமைப்பு திரும்பும். பிடித்த அமைப்பு ஒன்று கைக்கு வந்ததும் அதே மெனுவில் சேவ் விண்டோ லேஅவுட் என்று பெயர் கொடுத்து வைத்துவிடுங்கள். 2015 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு.

கேள்வி: வெளி மானிட்டரைக் கழற்றியதிலிருந்து தனியாக மிதக்கவிட்ட சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரரைக் காணவில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: அது இல்லாத திரையில் திறந்து கிடக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எல் அழுத்துங்கள். கண்ணில் படாவிட்டாலும் அதுதான் இப்போது செயலில் இருக்கும். மவுஸால் கோடைத் தொடாமல் நேரே விண்டோ மெனுவுக்குப் போய் டாக் என்பதைக் கொடுங்கள். ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.