விடுதலை தேடிக் குடிபெயர்வது எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பதினொரு ஆண்டுகளாக அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறேன். நியூ ஜெர்சியின் வரிகளும் விதிமுறைகளும் மூச்சுமுட்ட வைக்கின்றன. தனிமனித சுதந்திரத்தை விரும்புகிறவர்கள் கூட்டமாகக் குடியேறிவரும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்கு, மனைவி, இரு குழந்தைகளுடன் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். அங்கே உண்மையிலேயே சுதந்திரம் அதிகமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நியூ ஜெர்சி

பதில்: ஒரு மாநிலத்தின் சட்டங்களைப் பார்ப்பதற்கு முன், நம்மை இறுக்கிக்கொண்டிருப்பது எது என்பதைப் பார்க்க வேண்டும். அது உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் அதைத் தொடவே இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நியூ ஹாம்ப்ஷயரைப் பார்ப்போம்.

நீங்கள் குறிப்பிடும் குடியேற்றத்துக்குப் பெயர் 'ஃப்ரீ ஸ்டேட் ப்ராஜெக்ட்'. அரசின் தலையீடு குறைய வேண்டும் என்று நினைப்பவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கும்வரை எங்கேயும் ஒரு சட்டத்தைக்கூட மாற்ற முடியாது, மக்கள்தொகை குறைந்த ஒரு மாநிலத்தில் 20,000 பேர் சேர்ந்து குடியேறினால் முடியும் என்று ஜேசன் சோரன்ஸ் என்ற ஆய்வு மாணவர் 2001இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது தொடங்கியது. பத்துச் சிறிய மாநிலங்களைப் பட்டியலிட்டு 2003இல் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடத்தினார்கள். வயோமிங்கை முந்தி நியூ ஹாம்ப்ஷயர் தேர்வானது. குடியேறுவோம் என்று உறுதியளித்தவர்களின் எண்ணிக்கை 2016 பிப்ரவரியில் 20,000ஐத் தொட்டது. உறுதியளித்தவர்களில் சிறு பகுதியினரே, சில ஆயிரம் பேரே, உண்மையில் வந்தார்கள் என்றாலும், சுமார் 14 லட்சம் மக்களுக்கு 400 உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றம் அங்கே இருப்பதால், சிறு கூட்டத்தின் குரலும் சபைக்குள் கேட்கிறது. ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு 234 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நம் மாநிலத்தோடு ஒப்பிட்டால், அங்கே ஒரு சாதாரண மனிதர் தம் பிரதிநிதியின் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுவது எவ்வளவு எளிது என்பது விளங்கும். அந்த மாநிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

சம்பளத்துக்கு அங்கே மாநில வருமான வரி இல்லை. பொது விற்பனை வரியும் இல்லை. வட்டி, பங்காதாயம் ஆகியவற்றின் மீதிருந்த வரியும் 2025இலிருந்து நீங்கிவிட்டது. பெரியவர்கள் காரில் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்ற சட்டம் இல்லாத ஒரே அமெரிக்க மாநிலமும் அதுவே. இதெல்லாம் போனால் அரசுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்பீர்கள். பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்து வருகிறது. நியூ ஜெர்சியில் இருப்பவருக்கு உயர்ந்த வீட்டு வரி புதிதாக இருக்காது. மது விற்பனையிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. விஸ்கி போன்ற கடுமையான மதுவகைகளை நம் டாஸ்மாக் போலவே அங்கேயும் அரசுக் கடைகளே விற்கின்றன. சுற்றியுள்ள மெய்ன், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் பெரியவர்கள் கஞ்சா வைத்திருப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்க, நியூ ஹாம்ப்ஷயர் மருத்துவத் தேவைக்கு மட்டுமே அனுமதிக்கிறது. எந்த ஊரின் சுதந்திரமும் இப்படி ஒருபக்கம் தளர்ந்தும் மறுபக்கம் இறுகியும்தான் இருக்கும்.

'சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி' என்பது அம்மாநிலத்தின் முழக்கம். வாகன எண் பலகைகளிலும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜார்ஜ் மேனார்ட் என்பவர், அந்த வாசகம் தம் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று எண் பலகையில் அதை மறைத்தார். அதற்காக அபராதம் விதித்தார்கள். கட்ட மறுத்ததால் 15 நாள் சிறையில் இருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, தான் நம்பாத ஒரு கருத்தைச் சுமந்து திரியும்படி குடிமகனை அரசு வற்புறுத்த முடியாது என்று 1977இல் தீர்ப்பானது. அந்த மனிதரை விடுவித்தது மாநிலத்தின் முழக்கமன்று. அரசமைப்புச் சட்டமும், தமக்கு உரிமை உண்டு என்ற அவருடைய பிடிவாதமும்தான்.

இன்னொரு நிகழ்வு உங்கள் குடும்பத்துக்கு நேரடியாகப் பொருந்தும். சுமார் 800 பேர் வாழும் குராய்டன் என்ற ஊரில், 2022 மார்ச் மாதத்து ஊர்க்கூட்டத்தில், பள்ளிக்கான 17 லட்சம் டாலர் நிதியை 8 லட்சமாகக் குறைக்கும் தீர்மானம் 20க்கு 14 என்ற கணக்கில் நிறைவேறியது. பெற்றோர்கள் திகைத்துப்போய், வீடு வீடாகச் சென்று ஆள் திரட்டி, மே மாதம் சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். 377க்கு 2 என்ற கணக்கில் பழைய நிதி திரும்பியது. அந்த 377 கைகளில் உங்கள் கை இருந்திருக்க முடியாது. நீங்கள் வாக்குரிமை இல்லாத விசாக்காரர். உங்கள் குழந்தைகளின் பள்ளியைப் பாதியாகக் குறைத்தாலும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கத்தான் வேண்டும்.

இப்போது உங்கள் கடிதத்தின் முதல் வரியிலுள்ள எச்-1பி விசாவுக்கு வருகிறேன். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு நிறுவனத்தைத் தேட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். வேலை செய்யும் இடம் வேறு நகர்ப்பகுதிக்கு மாறினாலே நிறுவனம் திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு 21 வயதானதும் உங்களைச் சார்ந்த விசா முடிந்துபோகும். இவையெல்லாம் கூட்டாட்சி அரசின் சட்டங்கள். ஐம்பது மாநிலங்களிலும் ஒன்றுதான். நியூ ஹாம்ப்ஷயருக்குப் போனால் கொஞ்சம் வரி மிச்சமாகும், கழுத்திலிருக்கும் கயிறு அப்படியேதான் இருக்கும். மேலாளரிடம் ஒரு சொல் எதிர்த்துப் பேச முடியாமல் பதினொரு ஆண்டு கழித்த மனிதருக்கு வரிவிலக்கு விடுதலையாகாது என்பதே என் கருத்து.

ஆகவே உங்கள் தேடல் மாநிலத்தை மாற்றுவதைவிட நிலையை மாற்றுவதைப் பற்றியதாக இருக்கட்டும். கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் எந்த மாகாணத்திலும் வாழலாம், எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம். ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் அங்கே வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அதன்பின் வாக்களிக்கலாம். ஆனால் அந்த வசிப்புரிமைக்கு மதிப்பெண் போட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் விரைவு நுழைவு (எக்ஸ்பிரஸ் என்ட்ரி) முறையில், வயதுக்கான மதிப்பெண் முப்பதிலிருந்து சரிந்து நாற்பத்தைந்தில் ஒன்றுமில்லாமல் போகும். யோசிப்பதற்கென்று இன்னும் பல ஆண்டுகளை ஒதுக்க வேண்டாம். மாகாணங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு: கியூபெக்கில் அரசுப் பள்ளி ஆசிரியர், காவலர் போன்றோர் பணியில் மத அடையாளங்கள் அணிவதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உங்கள் மனைவியின் வேலையும் உடையும் கணக்கில் வர வேண்டும். அவர் என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 28 வயது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். கணக்காளர் வேலைக்குச் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் மூன்றிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது. சம்பளத்தைவிட, யாருக்கும் பதில் சொல்லாமல் வாழ வேண்டும் என்பதே என் ஆசை. எங்கே போகலாம்?
– வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் ஆசையில் தவறே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்ல உங்களைச் சுற்றி யாரும் இல்லை என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் ஒவ்வொரு குடிமகளுக்கும் உரிமை உண்டு என்று அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் வாடகை வீடு பார்க்கப் போகும் பெண்ணிடம் வீட்டுக்காரர்கள் அந்தப் பிரிவைப் பார்த்துவிட்டுப் பேசுவதில்லை. "கல்யாணமாச்சா, என்ன ஆட்கள், அசைவம் சமைப்பீங்களா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க" என்றுதான் கேட்கிறார்கள். சென்னையிலும் கேட்பார்கள், பெங்களூரிலும் கேட்பார்கள்.

சென்னையில் உங்களுக்குச் சில வசதிகள் உண்டு. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான அரசின் 'தோழி' விடுதிகள் இருக்கின்றன; சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை; வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. ஆனால் உங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு வந்த சித்தப்பாக்களும் மாமாக்களும் தாம்பரத்திலும் அம்பத்தூரிலும் இருப்பார்கள். நீங்கள் யாருடன் தேநீர்க் கடையில் நின்றீர்கள் என்ற செய்தி பொதிகை எக்ஸ்பிரஸ் போய்ச் சேர்வதற்குள் ஊருக்குப் போய்விடும். அந்த வலை பெங்களூரில் மெல்லியது. என் அக்கா மகள் அங்கே போன முதல் மாதம் தொலைபேசியில் அழுதாள். "யாருமே எதுவுமே கேட்கலை சித்தி" என்றாள். ஆறு மாதம் கழித்து அதே வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத வாழ்க்கையில், காய்ச்சலில் கிடந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கு மனம் பழகக் கொஞ்ச காலம் ஆகும்.

சிங்கப்பூரில் இரவு பதினொரு மணிக்குத் தனியாக ரயிலில் ஏறி வீடு திரும்பும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. உடலளவில் இப்படி அச்சமின்றி நடமாடுவதைப் பெரிய சுதந்திரமாகவே நான் மதிக்கிறேன். அதே நாட்டில், பொது விவகாரத்துக்காகத் தெருவில் கூடி நிற்கக் காவல்துறையின் அனுமதி வேண்டும். 2000இல் ஹாங் லிம் பூங்காவில் தொடங்கிய 'பேச்சாளர் மூலை'யில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் ஆர்ப்பாட்டங்களில் பங்கேற்கலாம், உங்களைப் போல வேலை அனுமதியில் போகிறவர்களுக்கு அது பொருந்தாது. அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியிருக்கும், திரும்பிய மறுநாளே மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

என் முடிவைக் கேட்டால், முதலில் பெங்களூர். வேலை போனாலும் அங்கேயே இருந்து அடுத்த வேலை தேடலாம். அதைப் பறிக்க யாராலும் முடியாது. இரண்டு ஆண்டு சேமிப்புக்குப் பிறகு சிங்கப்பூர் உங்களைக் கூப்பிட்டால், அப்போது உங்களுக்குத் திரும்பி வர ஓர் இடம் இருக்கும். கிளம்புவதற்கு முன் பள்ளி, கல்லூரி மூலச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டு, உங்கள் பெயரில் மட்டுமே உள்ள வங்கிக் கணக்கு மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். மகள் ஊரைவிட்டுப் போய்விடுவாள் என்ற பயத்தில் சான்றிதழ்களைப் பீரோவில் பூட்டிவைத்த வீடுகளிலிருந்து எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன.

கேள்வி: நானும் என் துணையும் வெவ்வேறு மதத்தவர். இருவருக்கும் டேராடூனில் வேலை. ஊரைவிட்டுத் தள்ளி, திருமணம் செய்யாமலே சேர்ந்து வாழ நினைக்கிறோம். தூரம் போனால் தொல்லை இருக்காதல்லவா?
– வாசகர், மதுரை

பதில்: தூரம் உறவினர்களிடமிருந்து காக்கும், சட்டத்திலிருந்து காக்காது. வயதுவந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமன்று என்பதை, நடிகை குஷ்பு மீது தொடரப்பட்ட வழக்குகளை 2010இல் தள்ளுபடி செய்தபோது உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் டேராடூன் இருக்கும் உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் நடைமுறையிலுள்ள பொது சிவில் சட்டப்படி, சேர்ந்து வாழ்வோர் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. வேறு மாநிலத்தில் வேலை கிடைக்குமா என்று பாருங்கள். திருமணம்தான் என்று முடிவெடுத்தால், தமிழ்நாட்டின் 1967ஆம் ஆண்டுச் சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம் இந்துக்களுக்கு இடையே மட்டுமே செல்லும். உங்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் 30 நாள் அறிவிப்பு உண்டு. நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் அந்த அலுவலகத்துக்கும் அறிவிப்பின் நகல் போகும். அறிவிப்பு கொடுப்பதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் வெளியூர் போகிறேன் என்கிறாள். சுதந்திரம் வேண்டுமாம். விருப்பப்பட்டவர்கள் எல்லாரும் இப்படிக் கிளம்பிவிட்டால் ஊரை யார் திருத்துவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் ஊர் மீதுள்ள அன்பு தெரிகிறது. ஆனால் ஊர் எல்லாருக்கும் ஒரே ஊராக இருந்ததில்லை. கிராமத்தைப் போற்றியவர்களுக்கு நடுவே எழுந்து, அது குறுகிய மனப்பான்மையின் குகை என்று 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசமைப்பு அவையில் அம்பேத்கர் சொன்னார். ஊரின் விளிம்பில் நிறுத்தப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். திரைகடலோடித் திரவியம் தேடச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பும் நம் வீடுகள், நிம்மதி தேடிப் பக்கத்து மாநிலத்துக்குப் போகும் மகளிடம் மட்டும் ஊரைத் திருத்தும் பொறுப்பை ஒப்படைக்கின்றன. மூச்சுவிடச் சிரமப்படுகிறவரிடம் அந்த வேலையைக் கேட்பது நியாயமில்லை. ஊரிலேயே இருக்கும் நீங்களும் நானும் செய்ய வேண்டிய வேலை அது. நாற்பது ஆண்டு மாணவர்கள் உங்கள் சொல்லைக் கேட்பார்கள்.

மகள் கிளம்பும் நாளில் அவருடைய சான்றிதழ்களை நீங்களே ஓர் உறையில் போட்டுக் கையில் கொடுங்கள். ரயில் நிலையம்வரை கூடப் போங்கள்.