நேர்காணலில் முதலிடம், பதவி கட்சிக்காரருக்கு: என்ன செய்யலாம்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், குவாசூலு-நடால் மாகாணத்து நகராட்சி ஒன்றின் கணக்குப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மேலாளர் பதவிக்கு நேர்காணல் நடந்தது. மதிப்பெண்ணில் நான்தான் முதல் என்று தேர்வுக்குழுவில் இருந்தவரே சொன்னார். பதவியோ ஆளுங்கட்சியின் கிளைப் பொறுப்பாளர் ஒருவருக்குப் போய்விட்டது. எனக்கு மறுப்புக் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. அலுவலகத்தில் கொடுத்த புகாருக்குப் பதிலே இல்லை. கட்சி தன் ஆட்களை அரசுப் பதவிகளில் அமர்த்தும் கேடர் டிப்ளாய்மென்ட் கொள்கையையே எதிர்த்து வழக்குப் போடலாமா? அரசியலமைப்பின் 197(3) பிரிவு எனக்கு உதவுமா?

பதில்: முதலில் காலண்டரைப் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே அங்கே ஊழியர் என்பதால் இது பதவி உயர்வுத் தகராறு. 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டப்படி, மறுப்பு தெரிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் உள்ளாட்சி ஊழியர் தகராறுகளைத் தீர்க்கும் உள்ளாட்சிப் பேரக் கவுன்சிலில் மனு போட்டாக வேண்டும். அலுவலகப் புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தே பலர் இந்தக் கெடுவைக் கோட்டை விடுகிறார்கள். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான், ஆனால் அது உறுதியில்லை.

கொள்கையையே எதிர்ப்பதை விட்டுவிடுங்கள். அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று, அரசு ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையம் 2022-இல் சொன்னது உண்மை. ஆனால் ஆணையத்தின் அறிக்கை தீர்ப்பாகாது. டெமாக்ரடிக் அலையன்ஸ் கட்சி தொடுத்த வழக்கை பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்துவிட்டது. அவ்வளவு பெரிய கட்சிக்கே அந்தக் கதி. 197(3)-ம் உங்களுக்கு உதவாது. கட்சி ஆதரவைக் காரணமாக வைத்து ஊழியருக்குச் சலுகையோ பாதகமோ செய்யக் கூடாது என்கிற அந்தப் பிரிவு தேசிய, மாகாண அரசு ஊழியருக்கானது. நகராட்சிக்கும் சேர்த்துப் பொருந்துவது 195-ஆம் பிரிவு: நியமனத்துக்குத் திறமையும் நேர்மையும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது.

ஒரு குறிப்பிட்ட நியமனத்தை எதிர்த்து ஜெயித்தவர் உண்டு. கிழக்கு கேப்பில் அமாதோலே மாவட்ட நகராட்சியின் மேலாளர் பதவிக்குக் கட்சியின் வட்டாரக் குழு சொன்ன ஆளை நகராட்சி மன்றம் நியமித்தது. நகராட்சி மன்றத்தின் அதிகாரத்தைக் கட்சி கையில் எடுத்துக்கொண்டது தவறு என்று 2008-இல் அந்த நியமனத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. ம்லோகோதி வழக்கு என்பார்கள்.

அங்கே கட்சித் தலையீடு வெளிப்படையாகத் தெரிந்தது. உங்களிடம் இருப்பது தேர்வுக்குழுவில் இருந்தவர் காதில் போட்ட பேச்சு மட்டும். நாளைக்கு அவரே மறுக்கலாம், அவருக்கும் அங்கேதானே பிழைப்பு. அதனால் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் காகிதம் கேளுங்கள்: விளம்பரத்தில் சொன்ன தகுதி, குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் கையால் போட்ட மதிப்பெண் தாள், குழுவின் பரிந்துரை, அதை மாற்றியவர் எழுதி வைத்த காரணம். காரணமே எழுதாமல் பரிந்துரை மாறியிருந்தால் உங்கள் கை ஓங்கும். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, எனவே பேரக் கவுன்சில் மனுவை முதலில் போட்டுவிட்டு அப்புறம் காகிதத்துக்கு அலையுங்கள்.

விசாரணையில் முறைகேட்டைக் காட்டினால் மட்டும் போதாது. அது நடக்காமல் இருந்திருந்தால் பதவி உங்களுக்கே வந்திருக்கும் என்று நிரூபிக்க வேண்டும்; குவாடுகூசா நகராட்சி வழக்கு சொன்னது அதைத்தான். முதலிடம் என்பதைத் தாளே காட்டினால் பாதி வேலை முடிந்தது. பதவியே வேண்டும் என்றால் நியமிக்கப்பட்டவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். இழப்பீடு போதுமென்றால் அதிகபட்சம் 12 மாதச் சம்பளம். எது வேண்டும் என்பதை மனு எழுதும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.