போதகருக்கு டேப்லெட் போதும், சபைக்கு?

அன்புள்ள சகோதரருக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் சபையின் லேப்டாப் மிகவும் மெதுவாகிவிட்டது, பேட்டரியும் நிற்பதில்லை. பிரசங்கக் குறிப்பு, ஞாயிறு ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையில் காட்டுவது, காணிக்கைக் கணக்கு, மாத இதழ் எல்லாமே அதில்தான். லேப்டாப்பைக் கழித்துவிட்டு டேப்லெட் வாங்கலாம், வீடு சந்திப்புக்கும் எடுத்துச் செல்லலாம் என்று வாலிபர்கள் சொல்கிறார்கள். பொருளாளருக்கு இதில் விருப்பமில்லை. ஒரே டேப்லெட்டில் இவ்வளவும் நடக்குமா?

ஒரு சபைப் போதகர்

அன்புள்ள பாஸ்டர்,

நீங்கள் எழுதிய நான்கு வேலைகளில் முதலாவது உங்களுடையது, மற்ற மூன்றும் சபையுடையவை. உங்கள் வேலைக்கு டேப்லெட் லேப்டாப்பைவிட நல்லது. சபையின் வேலைக்கு அது ஆகாது. வாலிபர்கள் ஒன்றை நினைத்துப் பேசுகிறார்கள், பொருளாளர் இன்னொன்றை.

பிரசங்க பீடத்திலிருந்து தொடங்குகிறேன். லேப்டாப்பில் ஏ4 அளவில் அடித்த குறிப்பை அப்படியே டேப்லெட்டில் திறப்பதுதான் பலரும் செய்வது. 4:3 விகிதத்தில் உள்ள 11 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 223 மில்லிமீட்டர், ஏ4 தாளின் உயரம் 297. பக்கம் முக்கால் அளவுக்குச் சுருங்கும். 14 புள்ளி எழுத்து பத்தரைப் புள்ளியாகிவிடும். நின்றுகொண்டு பார்க்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்குத் தப்பும். விரலால் பெரிதாக்கினால் வரியின் முனை திரைக்கு வெளியே போய்விடும். ஆகவே ஆவணத்தின் பக்க அளவையே ஏ5 ஆக்குங்கள். ஓரம் 10 மில்லிமீட்டர், எழுத்து 18 புள்ளி. ஏ5 என்பது 148க்கு 210 மில்லிமீட்டர்; அந்தத் திரையில் சுருங்காமல் அடங்கும். 16:10 விகிதமுள்ள ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் 11 அங்குலத் திரையின் அகலம் கிட்டத்தட்ட அதே 148தான். பிறகு பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். வேர்டு கோப்பாகவே திறந்தால் எழுத்துரு மாறி, வரிகள் உடைந்து, ஐந்தாம் பக்கத்து வசனம் ஆறாம் பக்கத்துக்குப் போயிருக்கும்.

பீடத்தில் ஏறுமுன் திரை தானாக அணைவதை நிறுத்த வேண்டும். ஐபேட் என்றால் 'ஆட்டோ-லாக்' அமைப்பில் 'நெவர்' என்று வையுங்கள். 'கைடட் ஆக்சஸ்' வசதியையும் பயன்படுத்தினால் கை தவறிப் பட்டாலும் வேறு செயலிக்குத் தாவாது. ஆண்ட்ராய்டில் அதே வேலையைச் செய்வது திரையைப் 'பின்' செய்யும் வசதி. ஏரோபிளேன் மோடும் அவசியம். ஆராதனை நடுவே யாரோ அனுப்பிய வீட்டுப் பிரச்சினை திரையின் மேலே வந்து நிற்கக் கூடாது. ஆனால் ஏரோபிளேன் மோடைப் போடுமுன் குறிப்பை ஒருமுறை திறந்து கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பாருங்கள். கிளவுடில் இருக்கும் கோப்பு பெயரளவில் மட்டும் டேப்லெட்டில் தெரியும். இணையம் இல்லாதபோது திறக்காது. வேதாகமச் செயலியிலும் நீங்கள் வாசிக்கும் மொழிபெயர்ப்பைத் தரவிறக்கி வைத்திருக்க வேண்டும்.

திறந்தவெளிக் கூட்டமென்றால் தாளில் ஒரு பிரதி கையில் இருக்கட்டும். ஐபேட் 35 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் இயங்கவே வடிவமைக்கப்பட்டது. நேர் வெயிலில் முதலில் திரை மங்கும், பிறகு வெப்ப எச்சரிக்கை காட்டி நின்றுவிடும்.

பழைய பிரசங்கங்கள் யூனிகோடு அல்லாத பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் அவை டேப்லெட்டில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். லேப்டாப் ஓடும்போதே எல்லாவற்றையும் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியபின் இரண்டு இடங்களைப் பாருங்கள்: கொ, கோ போன்ற எழுத்துகள் உடைந்திருக்கலாம், இடையில் ஆங்கிலத்தில் அடித்த சொற்களும் வசனக் குறிப்புகளும் தமிழ் எழுத்துகளாகிக் குழம்பியிருக்கும். புதிதாகத் தட்டச்ச ஐபேடில் தமிழ்99, அஞ்சல் என்ற இரு விசைப்பலகை முறைகளும் உள்ளன. திரையைப் பாதியாகப் பிரித்து ஒருபுறம் வேதாகமம், மறுபுறம் குறிப்பு என்று வைத்துக்கொண்டால் ஆயத்தம் லேப்டாப்பைவிட வசதியாகவே நடக்கும். ஒன்று மட்டும்: மைக்ரோசாஃப்ட் வேர்டு செயலியில் 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் திருத்தச் சந்தா வேண்டும். கூகுள் டாக்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

இனி பாடல் வரிகள். இங்கேதான் 'ஒரே டேப்லெட்' என்ற திட்டம் உடைகிறது. பாடல் வரிகளைத் திரையில் காட்டும் மென்பொருள்களில் ஈஸிவொர்ஷிப் விண்டோஸில் மட்டும் ஓடும். ப்ரோபிரசன்டர் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். இலவசமான ஓப்பன்எல்பிக்கும் கணினி வேண்டும். டேப்லெட்டில் கிடைப்பவை பெரும்பாலும் அவற்றை இயக்கும் ரிமோட்டுகள்தான். டேப்லெட் திரையை அப்படியே ப்ரொஜெக்டரில் காட்டினால், அடுத்த பாடலைத் தேடி நீங்கள் தடுமாறுவதைச் சபையார் எல்லோரும் பார்ப்பார்கள். 4:3 திரை என்றால் அகலத்திரை ப்ரொஜெக்டரில் இருபுறமும் கறுப்புப் பட்டையும் விழும். பவர்பாயிண்டில் ஸ்லைடு மட்டும் திரைக்குப் போகும்படி செய்யலாம்தான். ஆனால் பாடல் நடத்துபவர் திடீரென்று சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பினால் பத்து ஸ்லைடைத் தள்ளித் தேட வேண்டும். இன்னொரு கண்ணி: யுஎஸ்பி-சி துளை இருந்தாலே படம் வெளியே போகும் என்று நினைக்க வேண்டாம். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றில் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்பு மாற்றவும் மட்டுமே. எச்டிஎம்ஐ கேபிளை எப்படிச் சொருகினாலும் படம் வராது.

கணக்கும் இதழும் இதே கதைதான். எக்செல் கோப்பில் மேக்ரோ (தானாக வேலை செய்யும் கட்டளைத் தொகுப்பு) இருந்தால் டேப்லெட்டில் ஓடாது. ஞானஸ்நானச் சான்றிதழையோ காணிக்கை ரசீதையோ வேர்டு செயலியில் மெயில் மெர்ஜ் செய்ய, அதாவது பட்டியலிலுள்ள பெயர்களைத் தானாக நிரப்ப, முடியாது. பேஜ்மேக்கரிலோ இன்டிசைனிலோ செய்த இதழை டேப்லெட்டில் திருத்தவே வழியில்லை.

ஆகவே லேப்டாப்பைக் கழிக்காதீர்கள். அதைச் சபையிலேயே, ப்ரொஜெக்டர் பக்கத்தில், நிரந்தரமாக மின்சாரத்தில் சொருகி வையுங்கள்; பேட்டரி கெட்டது அப்போது ஒரு பொருட்டல்ல. உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் மெதுவாக இருப்பதற்கு அநேகமாக அதுதான் காரணம். அதற்குப் பதில் சுழலாத, வேகமான எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால் இந்த வேலைகளுக்குத் தாராளம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காவிட்டால், பாடல் திரைக்கு மட்டுமாவது விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸும் ஓப்பன்எல்பியும் போதும். வாலிபர்களுக்கு அது கடினமான வேலையல்ல.

உங்கள் கைக்கு 11 அங்குலத் திரையும் 128 ஜிபியும் உள்ள டேப்லெட் ஒன்று. கீபோர்டை வாங்குமுன் அதில் தமிழ் நீங்கள் பழகிய முறையில் வருகிறதா என்று தட்டிப் பார்த்துவிடுங்கள்.

வீடு சந்திப்பில் எழுதும் ஜெப விண்ணப்பங்களில் பிறர் வீட்டு இரகசியங்கள் இருக்கும். ஐபேடில் ஆளுக்கொரு தனிக் கணக்கு வைக்க முடியாது. பிள்ளைகள் விளையாட எடுத்தால் அந்தக் குறிப்புகளும் அவர்கள் கையில்தான். அவற்றுக்குத் தனிக் கடவுச்சொல் போட்ட குறிப்புகளைப் பயன்படுத்துங்கள். சபைப் பணத்தில் வாங்கினால் சபையின் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்குங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் இருந்தால், மாற்றலாகிப் போகுமுன் தொலைந்த ஐபேடைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்து, கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து வரும் போதகர் அதை அழித்துப் புதிதாகத் தொடங்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும்.