மோட்டார் துடிக்கிறது, நகரவில்லை

கேள்வி: வீட்டில் செய்த சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி மரம் போன்றவற்றைச் செதுக்கும் இயந்திரம்). ஓடும்போது எக்ஸ் அச்சு மோட்டாரின் ஒயர் கழன்றுவிட்டது. திரும்பச் செருகியதிலிருந்து மோட்டார் துடிக்கிறதே தவிர நகரவில்லை. மோட்டார் போய்விட்டதா?

பதில்: மோட்டாரைவிட, அதற்கு மின்சாரம் கொடுத்து இயக்கும் டிரைவர் போர்டு மேல்தான் சந்தேகம். மின்சாரம் இருக்கும்போது ஒயர் கழன்றால், காயிலில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) எழும் உயர் மின்னழுத்தம் டிரைவரைச் சுட்டுவிடும். ஏ4988 போன்ற சின்ன டிரைவர்கள் இதைத் தாங்காது.

மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாரைக் கழற்றி மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள். இரண்டு காயிலும் ஒரே ஓம் காட்ட வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கவே கூடாது. கிரிம்ப் (ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்திய உலோக இணைப்பு) தளர்ந்திருந்தாலும் இதே துடிப்பு வரும், ஆகவே ஒயரை அசைத்துக்கொண்டே அளந்து பாருங்கள். அளவு சரி என்றால் மட்டும், ஒய் மோட்டாரை எக்ஸ் சாக்கெட்டில் செருகி ஓட்டுங்கள். அதுவும் துடித்தால் டிரைவர்தான் போயிருக்கிறது.

புதிய டிரைவரைச் செருகும்போது திசை மாறினால் போர்டே போய்விடும். டிரைவரில் எனேபிள் (EN) என்று குறித்த பின், போர்டில் அதே குறியுள்ள துளையில் வருமாறு பார்த்துப் பொருத்துங்கள். ஏ4988-இல் மின்னோட்டத்தை அளக்கும் உணர் ரெசிஸ்டரில் ஆர்100 (0.1 ஓம்) என்றிருந்தால், 1 ஆம்பியருக்கு விரெஃப் (மோட்டார் மின்னோட்டத்தின் வரம்பைத் தீர்மானிக்க டிரைவரில் அமைக்கும் மின்னழுத்தம்) 0.8 வோல்ட். மறுபடி கழலாமல் இருக்க ஒயரைக் கேபிள் டையால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள்.