வேண்டிக்கொண்ட பிறகு என்ன செய்வது? – கேள்வி பதில்

பிரார்த்தனையையும் பொறுப்பையும் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். பல மதங்களின் நூல்களையும் படித்து வருகிறவன். அந்தச் சாய்வைக் கணக்கில் கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஐயா, என் கணவர் காலையும் மாலையும் நெடுநேரம் பிரார்த்தனையில் இருக்கிறார். கடன் கொடுத்தவர்கள் அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை. கேட்டால் "ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்கிறார். வற்புறுத்தினால் எனக்கு நம்பிக்கை போதவில்லை என்று கோபிக்கிறார். யார் பக்கம் நியாயம்?

பதில்: உங்கள் பக்கம். ஆண்டவனைக் கேட்டுக்கொண்டா கடன் வாங்கினார்?

கெனத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1988-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிக்கல் வரும்போது கடவுளை நம்புகிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அதில் மூன்றாகப் பிரித்தார்கள். கடவுள் கொடுத்த அறிவை வைத்துத் தானே பார்த்துக்கொள்கிறவர் ஒருவர். எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பவர் இன்னொருவர். மூன்றாமவர் கடவுளைத் துணைக்கு வைத்துக்கொண்டு தானும் இறங்கி வேலை செய்கிறவர். காத்திருக்கும் வகையினரிடம் சிக்கலைச் சமாளிக்கும் திறன் குறைவாகவே காணப்பட்டது. உங்கள் கணவர் அந்த வகை.

ஒப்படைப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு வேறு என்ன வழி? ஆனால் கடன் இன்னும் கைமீறிப் போகவில்லை. நபிகள் நாயகத்திடம் ஒருவர், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பட்டுமா, அவிழ்த்துவிட்டு நம்பட்டுமா என்று கேட்டாராம். "கட்டிவிட்டு நம்பு" என்பது பதில்.

அவரிடம் வேதாந்தம் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். பிரார்த்தனையை நிறுத்தவும் சொல்லாதீர்கள். அவர் எழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். வட்டி அதிகமுள்ள கடனுக்கு முதலில் வழி தேடுங்கள். கடன்காரர் அழைக்கும் முன் நீங்களே அழைத்து அவகாசம் கேளுங்கள். எடுக்காத தொலைபேசியைவிட வேறெதுவும் கடன் கொடுத்தவருக்கு அவ்வளவு ஆத்திரம் மூட்டாது.

கேள்வி: வேண்டுதல் வைத்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம், சாப்பிட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்கிறார் அத்தை. அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

பதில்: மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்த விடாதீர்கள். கத்தோலிக்கர் விவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம், 38-ஆம் அதிகாரத்தில், நோயாளியை வேண்டிக்கொள்ளச் சொன்ன கையோடு மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. யூத சமயச் சட்டப்படி, உயிரைக் காக்க ஓய்வுநாள் விதியையே மீறலாம், மீறவும் வேண்டும். மாத்திரையைச் சந்தேகம் என்று எந்த வேதம் சொல்கிறது என்று அத்தையிடமே கேளுங்கள்.

கேள்வி: பிரார்த்தனை பலிக்கிறது என்பதற்கு அறிவியல் சான்று உண்டா? எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

பதில்: நீங்கள் எதிர்பார்க்கும் வகையில் இல்லை. இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து, அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. தமக்காக முன்பின் தெரியாதவர்கள் ஜெபிக்கிறார்களா என்று தெரியாத இரு பிரிவினரில், ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் பின்விளைவுகள் ஏற்பட்டன. ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிரிவிலோ 59 சதவீதம்! "ஜெபிக்கும் அளவுக்கா என் நிலைமை மோசம்?" என்ற பதற்றமாக இருக்கலாம்; தற்செயலாகவும் இருக்கலாம். பெறாத பிரிவினருக்காக அவர்கள் வீட்டார் ஜெபித்ததை யாரும் தடுக்கவும் முடியாது. இதனால் என் நம்பிக்கை ஆட்டம் காணவில்லை. ஆனால் பிரார்த்தனையை "அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்று விற்க வருகிறவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு எல்லா சிகிச்சையும் பார்த்தோம். குடும்பமே வேண்டிக்கொண்டது. போய்விட்டார். "உன் நம்பிக்கையில் குறை இருந்திருக்கும்" என்று ஓர் உறவினர் சொன்னார். அது மனதை அறுக்கிறது.

பதில்: அவர் சொன்னது கொடுமை, புதியதும் அல்ல. விவிலியத்தில் வரும் யோபுவின் கதையில் பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்தவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று அதிகாரம் அதிகாரமாக வாதாடுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபிப்பது யார்மீது தெரியுமா? தம்மைக் கேள்விகளால் துளைத்த யோபுவின்மீது அல்ல, தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள்மீது.

நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று நம்பினால், துன்பப்படுகிறவர்மீது பழி போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் நாளை தனக்கும் அது வரலாம் என்ற பயம் வந்துவிடும். உங்கள் உறவினர் தம் பயத்தை உங்கள் தலையில் இறக்கி வைத்தார். சிகிச்சை உங்கள் பொறுப்பு, அதைச் செய்தீர்கள். மரணம் உங்கள் பொறுப்பில் இல்லை. கடவுளிடம் சண்டை போடத் தோன்றினால் போடுங்கள். விவிலியத்தின் பிரார்த்தனைப் பாடல்களான சங்கீதங்களில் பாதி அதுதானோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

கேள்வி: விதியைவிட வலியது இல்லை என்கிறார் வள்ளுவர் (380). தெய்வத்தால் ஆகாததும் முயற்சியால் கூலி தரும் என்கிறார் (619). எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இறங்கும் முன் 619, எல்லாம் செய்து தோற்ற பிறகு 380. மாற்றிப் படிக்கிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: தொழிலில் கூட்டாளியைப் பண விஷயத்தில் ஏமாற்றினேன். அவருக்குத் தெரியாது. கடவுளிடம் அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மனம் லேசாகவில்லையே?

பதில்: ஆகாது. கடவுளா பணத்தை இழந்தார்? பிறருக்குச் செய்த தீங்கை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாளும் போக்காது என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு சமாதானமாகு என்கிறார் இயேசு. உண்மையைச் சொன்னால் கூட்டு முறியலாம், வழக்கும் வரலாம். ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். முழுத் தொகை இல்லையென்றால் முதல் தவணையையும் மீதிக்கான தேதிகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். மன்னிப்பதும் மறுப்பதும் அவர் உரிமை.