நோயாளி சொல்வதைக் கிளினிக்கில் எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: யாழ்ப்பாண மாவட்டத்தில் பிரதேச வைத்தியசாலை ஒன்றில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். பிரசர், சலரோகக் கிளினிக்குக்கு வருபவர்களிடம் 30 கேள்விகள் கொண்ட படிவம் கொடுத்தோம். எல்லாரும் "பிரச்சினை ஒன்றும் இல்லை" என்றே நிரப்பித் தருகிறார்கள். இதை வைத்துக் கிளினிக்கை எப்படித் திருத்துவது?

பதில்: அந்தப் படிவத்தை நிறுத்திவிடுங்கள். விடியவே வந்து நம்பர் எடுத்துக் காத்திருக்கும் முதியவர் 30 கேள்விக்கு மனம் வைத்துப் பதில் சொல்லமாட்டார். பதில் வந்தால் அன்றைக்கே உங்களால் ஏதாவது செய்ய முடிகிற கேள்விகளை மட்டும் வைத்திருங்கள். தொடங்குவதற்கு மூன்று போதும்: போன 7 நாளில் எத்தனை நாள் குளிசை தவறியது? குளிசையால் ஏதும் கரைச்சல் உண்டா? சலரோகக்காரர் என்றால், வியர்த்து நடுங்கி, பசியோடு மயக்கம் வருமாப்போல் இருந்ததா?

இவற்றை ஒரு ரப்பர் முத்திரையாகச் செய்வித்து, கிளினிக் கொப்பியில் அன்றைய திகதிக்குக் கீழே குத்துங்கள். தனித்தாள் எங்காவது போய்விடும். கொப்பியை வைத்தியர் கட்டாயம் பார்ப்பார்.

கேட்கும் விதம் மிக முக்கியம். "குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ அம்மா?" என்றால் "ஓம்" என்றுதான் வரும். "எல்லாருக்கும் இடைக்கிடை தவறுறதுதான். போன கிழமை உங்களுக்கு எத்தினை நாள் தவறிச்சுது?" என்று கேட்டால் எண்ணிக்கை வரும். வாங்கிலில் இருக்கும் அயலவர் காதில் விழாத இடத்தில் கேளுங்கள். உண்மையைச் சொன்னவரை ஒருதரம் ஏசினாலும், அடுத்த மாதம் எல்லாக் கொப்பியிலும் பூச்சியம்தான் இருக்கும்.

தவறியதற்குக் காரணம் கேட்கும்போதுதான் கிளினிக்குக்குப் பயன்படுகிற விஷயம் வெளிவரும். பிரசர் குளிசைகளில் எனலாப்ரில் எடுப்பவருக்கு வறட்டு இருமல், அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கம், சலரோகக் குளிசையான மெட்ஃபோர்மினுக்கு வயிற்றோட்டம் என்றிருந்தால் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். இருமல் என்றால் லொசாட்டன் போல வேறு பிரசர் மருந்துக்கு வைத்தியர் மாற்றலாம். மெட்ஃபோர்மினைச் சாப்பாட்டோடு, குறைந்த அளவில் தொடங்கலாம். சலம் போகப் பண்ணும் குளிசையை பஸ்ஸில் வரும் நாளில் விட்டுவிடுவதும் வழமை. இரத்தப் பரிசோதனைக்கு வெறுவயிற்றோடு வருபவர்கள் பிரசர் குளிசையையும் சேர்த்து விடுகிறார்கள். அன்று பிரசர் கூடுதலாகத் தெரியும், மருந்து கூட்டப்படும், பிறகு வீட்டில் ஒழுங்காகப் போட்டதும் தலை சுற்றும். பிரசர் குளிசையைத் தண்ணீரோடு வழமைபோல் போடலாம், சலரோக மருந்தைத்தான் சாப்பிடும்வரை பிற்போடவேண்டும் என்று முதல் மாதமே சொல்லிவிடுங்கள். நல்லூர்த் திருவிழா, கந்தசஷ்டி விரத காலங்களுக்கு முன்னும், விரத நாளில் குளிசையை விடுவார்களா என்று கேட்கவேண்டும். சலரோகத்துக்குக் கிளிக்ளசைட் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் மூன்றாம் கேள்விக்கு "ஓம்" என்றால், அது இரத்தத்தில் சீனி மிகக் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்; மருந்தின் அளவைத் திரும்பப் பார்க்காமல் அதே மருந்தை ஒரு மாதத்துக்குக் கொடுத்து அனுப்பக்கூடாது. அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பிரசர் மெசின் இங்கே பல வீடுகளில் இருக்கிறது. அதன் அளவுகளை வீணாக்கவேண்டாம். கிளினிக்குக்கு முந்திய 7 நாளும், காலையில் குளிசைக்கு முன்னும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் அளக்கச் சொல்லுங்கள். அதற்கு முதல் அரை மணித்தியாலம் தேத்தண்ணி, சுருட்டு கூடாது. 5 நிமிடம் பேசாமல், முதுகு சாய்த்து, பாதம் நிலத்தில் பட இருக்கவேண்டும். கையில் சுற்றும் பட்டி நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும். முதல் நாளை விட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டளவில் 135/85 இலிருந்தே கூடுதலென்று கொள்ளவேண்டும், கிளினிக்கின் 140/90 அல்ல. எல்லா வரியிலும் 130/80 என்றிருந்தால் ஊகித்து எழுதியது. மெசினையே கொண்டுவரச் சொல்லி அதன் நினைவகத்தைப் பாருங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டி போட்டால் அளவு கூடிக் காட்டும்.

மாதம் ஒருமுறை, ஒரு கிளினிக் நாளில் அடுத்தடுத்து வரும் 30 கொப்பிகளை எடுத்து மூன்று எண்களை எழுதுங்கள்: 2 நாளோ கூடவோ குளிசை தவறியவர், கரைச்சல் சொன்னவர், அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேருக்கு அன்றே ஏதாவது மாற்றம் எழுதப்பட்டிருக்கிறது. முதல் இரண்டும் தொடக்கத்தில் கூடத்தான் செய்யும், ஆட்கள் உண்மை சொல்லத் தொடங்குவதால். உங்கள் கிளினிக்கின் தரத்தைக் காட்டுவது மூன்றாவது எண். அதை வைத்தியரோடும் மருந்து கொடுப்பவரோடும் இருந்து பாருங்கள். பாதிக்கும் குறைவென்றால் புதிதாக நாலாவது கேள்வி சேர்க்க வேண்டாம்.