கடையில் திருடுபவரைப் பாய்ந்து பிடிக்கலாமா?

கேள்வி: ஏனுங்க மேடம், நான் கோபிசெட்டிபாளையத்துல ஒரு பெரிய மளிகைக் கடையில பில் போடறனுங்க. போன மாசம் ஒரு அம்மா நெய் பாட்டிலையும் ரெண்டு பாக்கெட் முந்திரியையும் பைக்குள்ள போட்டுட்டு வெளிய நடந்தாங்க. எங்க கடைப் பையன் ஓடிப்போய்க் கையப் புடிச்சான். கூட வந்த ஆளு தள்ளிவிட்டதுல படியில விழுந்து அவனுக்கு மணிக்கட்டு முறிஞ்சுபோச்சுங்க. அதுக்குள்ள ரோட்டுல நின்னவங்க எல்லாம் சேர்ந்து அந்த அம்மாவ அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப மொதலாளி, "புடிக்காம உட்டா உங்க சம்பளத்துலதான் கழிப்பேன்"ங்கறாரு. நாங்க புடிக்கோணுமா, வேண்டாமுங்களா?

பதில்: வேண்டாம், அம்மணி. கவனியுங்கள், பேசுங்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள். ஓடுபவரை மறிப்பதையும் கையைப் பிடித்து இழுப்பதையும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரிடம் எந்த முதலாளியும் எதிர்பார்க்கக் கூடாது. அந்த நெய்யும் முந்திரியும் என்ன விலை இருந்தாலும் பையனின் மணிக்கட்டுக்கு ஈடாகாது.

பொதுமக்களில் ஒருவர் குற்றவாளியைக் கைது செய்யலாம் என்பது உண்மைதான். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் குற்றம் உங்கள் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத வகையைச் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். பிடித்தவரை 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்கவும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு இந்த இரண்டு வகையிலும் சேராது. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸே அதைப் புலனாய்வு செய்ய முடியாது. முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை.

பொருள் வைக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்கென்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 305-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அதில் 7 ஆண்டு வரை சிறை. இப்படிப்பட்ட கடைத் திருட்டு அதில் வருமா என்று வக்கீல்களான நாங்களே கோர்ட்டில் வாதாட வேண்டியிருக்கும். அதை ஓடுகிற ஓட்டத்தில் ஒரு கடைப் பையன் எப்படி முடிவு செய்வான்? தப்பாகப் பிடித்துவிட்டால், சட்டவிரோதமாகத் தடுத்து வைத்ததாக அவன் மேலேயே வழக்கு வரலாம். பொருளைத் திருட்டிலிருந்து காக்கும் தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் ஒரு தள்ளுகூட அதில் அடங்காது. பொருள் கைக்கு வந்துவிட்டால் உரிமையும் அத்தோடு முடிந்தது.

பொருள் பைக்குள் போவதைப் பார்த்த உடனே கத்தாதீர்கள். பில் போடும் இடத்தைத் தாண்டும் வரை "பணம் கொடுக்கத்தான் வந்தேன்" என்று சொல்ல அவருக்கு வழியிருக்கிறது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். மறதி நோயுள்ள பெரியவர்கள் பொருளைக் கையிலேயே எடுத்துக்கொண்டு நடந்துவிடுவதுண்டு. பக்கத்தில் போய், "வேறென்னங்க வேணும், கூடை எடுத்துத் தரட்டுங்களா?" என்று கேளுங்கள். தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தாலே பலர் பொருளை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஈரோட்டு ஜவுளிக்கடைகளில் பாய் விரித்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள் உட்கார்ந்து துணி எடுத்துப் போட்ட காலத்தில் இந்தக் கவனிப்பு வியாபாரத்தோடு சேர்ந்தே இருந்தது. தானாக எடுத்துக்கொள்ளும் கடையாக மாற்றி ஆட்களைக் குறைத்த முதலாளி, அந்தக் கண்காணிப்பையும் சேர்த்து இருப்பவர்களின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

வாசலில், "பில் போட்டுட்டீங்களா?" என்று ஒரு முறை கேட்கலாம். நிற்காமல் போனால் விட்டுவிடுங்கள். ஆள் அடையாளம், வண்டி எண், போன திசை இவற்றைக் குறித்துக்கொண்டு 100 அல்லது 112-க்கு அழையுங்கள். உள்ளறைக்குக் கூட்டிப்போய்ச் சேலையை உதறச் சொல்வது, பையைப் பிடுங்கிக் கொட்டுவது, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது எல்லாமே உங்களைக் குற்றவாளியாக்கும். போலீஸே பெண்ணைச் சோதனையிட வேண்டுமென்றாலும் இன்னொரு பெண்தான் செய்ய வேண்டும், அதுவும் கண்ணியமாக. பிடிபட்டது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தால் படத்தையோ பெயரையோ வெளியே விடுவதை இளஞ்சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். "திருடினால் பத்து மடங்கு அபராதம்" என்று போர்டு மாட்டும் கடைகளுக்கும் சொல்கிறேன்: போலீஸில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி அப்படிப் பணம் வாங்கினால் அது மிரட்டிப் பணம் பறித்த குற்றமாகலாம்.

அந்த அம்மாவை ரோட்டில் அடித்தார்கள் என்று படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஆனைகட்டியைத் தாண்டினால் வருகிற கேரளத்து அட்டப்பாடியில், 2018 பிப்ரவரி 22 அன்று மது என்ற பழங்குடி இளைஞரை, கடையில் அரிசி திருடினார் என்று காட்டிலிருந்து பிடித்து வந்து கட்டி வைத்து அடித்தார்கள். செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் ஜீப்பில் கொண்டுபோகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. நம்ம ஊரிலும் பனியன் கம்பெனிக்கும் ஆலைக்கும் வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளிமேல் கூட்டத்துக்குச் சந்தேகம் எவ்வளவு சீக்கிரம் விழுகிறது என்று நமக்குத் தெரியும். மொழி, சாதி, பிறந்த ஊர் போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரைக் கொன்றால், கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஆயுள் அல்லது மரண தண்டனை என்கிறது புதிய சட்டம். வழியில் போகிறவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் தலையிட்டே ஆக வேண்டும்: திருடியவரைப் பிடிக்க இல்லை, அடிப்பவர்களைத் தடுக்க. தனியாகப் போகாமல் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, "போலீஸ் வந்துட்டு இருக்குது, யாரும் கை வைக்காதீங்க" என்று உரக்கச் சொல்லி, அடிபடுபவரைச் சுவரோரம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

இனி உங்கள் கடைப் பையன் விஷயம். திருடிய பொருளைக் கொண்டுபோவதற்காகத் தள்ளிக் காயப்படுத்தியதால் அது வெறும் திருட்டில்லை, கொள்ளை என்றே புகார் கொடுக்க முடியும். 10 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் அது. 5,000 ரூபாய்க் கணக்கு அங்கே வராது. இன்னும் புகார் கொடுக்கவில்லையென்றால் உடனே கொடுத்து, புகார் வந்தது என்று மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு விட்டுவிடாமல், வழக்குப் பதிந்ததற்கான எஃப்.ஐ.ஆர். நகலும் கேட்டு வாங்குங்கள். சிசிடிவி பதிவு சில நாட்களில் அழிந்து அதன்மேல் புதிது ஏறிவிடும், அதனால் இன்றே நகல் எடுக்கச் சொல்லுங்கள். கோர்ட்டில் காட்ட, மின்னணுப் பதிவுகளுக்கென்று புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும். கடையில் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்து, பையனின் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போகாமல் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு. வேலையில் பட்ட காயம் என்று முதலாளி விபத்து அறிக்கை கொடுத்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். பையனே வாய் திறந்து கேட்டிருக்க மாட்டான், நீங்கள் கேளுங்கள்.

சம்பளப் பிடித்தத்துக்கு வருகிறேன். குறிப்பிட்ட பொருளை உங்கள் பொறுப்பில் ஒப்படைத்து, அது உங்கள் அலட்சியத்தால் நேரடியாகத் தொலைந்திருந்தால் மட்டுமே பிடிக்க முடியும். அதற்கு முன் உங்கள் விளக்கத்தையும் கேட்டாக வேண்டும். யாரோ எடுத்துப்போன நெய்க்காகக் கடை ஆட்கள் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கழிப்பது செல்லாது. அப்படிக் கழித்தால் சம்பளச் சீட்டையோ வங்கிக் கணக்குப் பதிவையோ வைத்துக்கொண்டு தொழிலாளர் துறையில் எழுத்தில் மனு கொடுங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். கோபி கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போனில் கேட்க 15100.